இருபத்து நான்கில் ஒரு பங்கு

மெல்பர்னின் வடக்குப் புறநகரான பிராட்மெடோஸில் இருந்த ஃபோர்டு ஆலையிலிருந்து கடைசி ஃபால்கன் கார் 2016 அக்டோபர் 7 அன்று வெளியே வந்தது. மறு ஆண்டு அக்டோபரில் டொயோட்டாவும் ஹோல்டனும் தங்கள் ஆலைகளை மூடின. ஆஸ்திரேலியாவில் கார் உற்பத்தி அத்தோடு ஓய்ந்தது. ஆனாலும் ஒரு ஃபால்கனை வீட்டு மேசையில் நாமே கட்டலாம். மெல்பர்ன் வட்டாரத்தில் படமாக்கப்பட்டு 1979இல் வெளியான ‘மேட் மேக்ஸ்’ படத்தில் சீறும் அந்தக் கறுப்பு ஃபால்கனை, ஜப்பானின் அவோஷிமா நிறுவனம் 1/24 அளவில் பிளாஸ்டிக் பாகங்களாகக் கொண்டுவந்திருக்கிறது.

நிஜக் கார் ஏறக்குறைய 4.8 மீட்டர் நீளம். மாதிரி 20 சென்டிமீட்டர். கதவு, சக்கரம், ஸ்டீயரிங் எல்லாவற்றையும் 24ஆல் வகுத்துவிடலாம். பெயின்ட்டை மட்டும் வகுக்க முடியாது.

கணக்கைப் பாருங்கள். நிஜக் காரில் கதவுக்கும் பாடிக்கும் நடுவே சுமார் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். மாதிரியில் அது 0.2 மில்லிமீட்டர். காரின் மேல் பூசிய பெயின்ட் அடுக்குகள் எல்லாம் சேர்ந்து சுமார் 0.1 மில்லிமீட்டர் கனம். அதே கனத்துக்கு மாதிரியிலும் அடித்தால், நிஜக் காரில் இரண்டரை மில்லிமீட்டருக்குச் சாந்து பூசியது போலாகும். கதவின் கோடு தூர்ந்துபோகும். அதனால்தான் தூரிகையை வைத்துவிட்டு ஏர்பிரஷ்ஷை எடுக்கிறோம். அதன் மூக்கில் விரையும் காற்று அழுத்தத்தைக் குறைத்துப் பெயின்ட்டை உறிஞ்சி, கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத துளிகளாகச் சிதறடிக்கிறது.

ஒட்டுவதிலும் வேதியியல் இருக்கிறது. இந்தப் பாகங்கள் பாலிஸ்டைரின். இதற்கான திரவப் பசை இரு பக்கப் பிளாஸ்டிக்கையும் கொஞ்சம் கரைக்கிறது. இளகிய மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள, கரைப்பான் ஆவியாகிவிடும். மிஞ்சுவது ஒரே பிளாஸ்டிக். உண்மையில் இது வெல்டிங்தான். லாக்கர் பெயின்ட்டில் இருப்பதும் இதுபோன்ற கரைப்பான்களே. வெறும் பிளாஸ்டிக்கில் கனமாக விழுந்தால் மேற்பரப்பை அரித்துவிடும். முதலில் பிரைமரை மெல்லிய அடுக்குகளாக அடிப்பது இதற்காகவும்தான்.

பிறகு வானிலை. போன ஜனவரியில், இங்கே மெல்பர்னில் பாலைவனத்திலிருந்து வடகாற்று வீசிய ஒரு மத்தியானம், கராஜில் கறுப்பு அடித்தேன். மகள் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “அப்பா, உப்புத்தாள் மாதிரி இருக்கு” என்றாள். துளிகள் பாடியைத் தொடும் முன்பே பாதி உலர்ந்திருந்தன. ஈரமாக விழும் துளிகள் ஒன்றாகக் கலந்ததும், பரப்பு இழுவிசை மேடுபள்ளத்தைச் சமன்செய்யும். அதற்கு அந்த வெயில் அவகாசமே தரவில்லை. சிட்னியில், துங்காபியில் இருக்கும் என் மச்சானுக்கு நேர்மாறான தொல்லை. பிப்ரவரிப் புழுக்கத்தில் அவர் அடித்த கறுப்பு, கண்ணெதிரே சாம்பல் பூத்துப்போனது. வேகமாக ஆவியாகும் தின்னர் பெயின்ட்டின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. பரப்பு பனிநிலைக்கு, அதாவது காற்றின் ஈரம் நீராகும் வெப்பநிலைக்கு, கீழே குளிர்ந்தால் அந்த ஈரம் அதில் படிந்து வெளுத்துவிடும். இரண்டுக்கும் ஒரே மருந்து மெதுவாக ஆவியாகும் தின்னர் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. (காற்றோட்டமும், கரைப்பான் ஆவியைத் தடுக்கும் முகமூடியும் எந்த ஊரிலும் வேண்டும்.)

கறுப்பைவிடக் கடினமான நிறம் எனக்குத் தெரிந்து இல்லை. வெள்ளையில் எல்லாப் பக்கமும் சிதறிவரும் ஒளி குறைகளை மறைத்துவிடுகிறது. கறுப்பு, உள்ளே புகும் ஒளியை விழுங்கிவிடுவதால், கண்ணுக்கு வருவது மேற்பரப்பின் பிம்பம் மட்டுமே. ஒரு தூசும் அதில் ஒளிய முடியாது.

சொரசொரப்பானதை 2000 எண் உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்தோம். ஓரங்களில் கை படவே பயம். அங்கேதான் பெயின்ட் மெலிந்திருக்கும். மார்ச் மாதம், காற்றில்லாத ஒரு காலையில், 20 டிகிரியில் மறுபடி அடித்தோம். ஒரு வாரம் மூடிவைத்தோம். திறந்தபோது மகள் காரைக் கையில் எடுக்காமல், குனிந்து பானெட்டைப் பார்த்தாள். கூரையின் டியூப்லைட் அதில் நெளியாமல் நேர்கோடாகக் கிடந்தது. கதவின் கோடும் தூராமல் இருந்தது.