வெற்றிலை நீட்டும் கை: ஒரு காளிகாட் ஓவியத்தை எப்படிப் படிப்பது?

ஒருவர் வசதியாக உட்கார்ந்திருக்கிறார். எதிரே நிற்கும் பெண் அவரிடம் வெற்றிலையை நீட்டுகிறார். பின்னணியில் சுவரும் இல்லை, ஜன்னலும் இல்லை, வெறும் காகிதம்தான். சாப்பாடு முடிந்த ஒரு மதியம், புருஷன் பெண்டாட்டி, அவ்வளவுதானே என்று அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவோம்.

ஆனால் 1870-களில் கொல்கத்தாவின் காளி கோயில் வாசலில் இதை வாங்கியவர்கள் அப்படி நகர்ந்திருக்க மாட்டார்கள். உட்கார்ந்திருப்பவர் அந்தப் பெண்ணின் கணவர் இல்லை. வெற்றிலை நீட்டும் பெண்ணோ, அவர்கள் படத்தை வாங்கும்போதே உயிரோடு இல்லை.

யார் இவர்கள்?

பெண்ணின் பெயர் எலோகேஷி, வயது 16. கணவர் நபீன் கொல்கத்தாவில் ஓர் அரசு அச்சகத்தில் வேலை பார்த்தார். எலோகேஷி ஊரில் அப்பா வீட்டில் இருந்தார். பக்கத்தில் ஹூக்ளி மாவட்டத்தின் பிரபலமான தாரகேஸ்வர் சிவன் கோயில். அதன் மஹந்த், அதாவது தலைமைத் துறவி, மாதவ்சந்திர கிரி. படத்தில் உட்கார்ந்திருப்பவர் அவர்தான். பிள்ளை வரத்துக்கு மருந்து கேட்டு எலோகேஷி அவரிடம் போனார், அங்கே மயக்க மருந்து கொடுத்து வன்கொடுமை செய்யப்பட்டார் என்பது ஒரு தரப்பு. விரும்பியே உறவு வைத்திருந்தார் என்பது இன்னொரு தரப்பு. ஊர் திரும்பிய நபீன் முதலில் மனைவியை மன்னித்து, கொல்கத்தாவுக்குக் கூட்டிப்போகப் பார்த்தார். மஹந்தின் ஆட்கள் வழிமறித்தார்கள். 1873 மே 27 அன்று, மீன் நறுக்கும் அருவாமனையால் நபீன் மனைவியின் கழுத்தை வெட்டினார். பிறகு அவரே போய் போலீஸில் சரணடைந்தார்.

வழக்கு வங்காளத்தையே உலுக்கியது. கூட்டத்தைக் கட்டுப்படுத்த கோர்ட்டுக்குள் நுழையக் கட்டணம் வைக்க வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நபீனுக்கு ஆயுள் தண்டனை, மஹந்துக்கு மூன்று வருட கடுங்காவலும் 2,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. நபீனை விடுவிக்கச் சொல்லி மனுக்கள் குவிந்தன. 1875-ல் அவர் வெளியே வந்தார்.

காளிகாட்டின் பட்டுவாக்கள், அதாவது பரம்பரை ஓவியர்கள், இந்தச் செய்தியை விடாமல் வரைந்தார்கள். மில் காகிதம், நீர்வண்ணம், ஒரே இழுப்பில் வளையும் தூரிகைக் கோடு. குடும்பத்தில் ஒருவர் கோடு போட, இன்னொருவர் வண்ணம் பூசுவார். வேகமாக வரைந்து மலிவாக விற்க வேண்டிய சரக்கு என்பதால் பின்னணி வெறுமையாகவே இருக்கும். நம்ம ஊரில் ரயிலிலும் திருவிழாக்களிலும் பாடி விற்ற கொலைச்சிந்துப் புத்தகங்கள் செய்த அதே வேலைதான் இது. அங்கே பாட்டு, இங்கே படம்.

கையைப் பாருங்கள்

பின்னணி இல்லாததால் கதை முழுவதும் உடல்மொழியில்தான் இருக்கிறது. வெற்றிலை மடித்துக் கொடுப்பது நம் வீடுகளைப் போலவே வங்காளத்திலும் தாம்பத்தியத்தின் அடையாளம். மனைவி கணவருக்குச் செய்வதைத் துறவிக்குச் செய்யவைத்து, ஒரு வார்த்தைகூட எழுதாமல் ஓவியர் குற்றம் சாட்டிவிடுகிறார்.

யார் மேல்? இங்குதான் எனக்கு உறுத்துகிறது. வேறு சில காளிகாட் படங்களில் மஹந்த்தான் மருந்தை நீட்டுகிறார். இந்தப் படத்தில் நீட்டுவது எலோகேஷியின் கை. மருந்துப் படத்தில் அவர் ஏமாற்றப்பட்டவர், வெற்றிலைப் படத்தில் சம்மதித்தவர். ஒரே பெண்ணுக்கு இரண்டு தீர்ப்புகள், இரண்டும் ஒரே கோயில் தெருவில் விற்பனைக்கு இருந்தன.

முகத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். பாதாம் கண், உருண்ட கைகள், மெல்லிய கறுப்பு வரம்பு. ரோஜா பிடித்தபடி நிற்கும் காளிகாட் தாசிகளுக்கும் இதே முகம்தான். இது எலோகேஷியின் ஜாடை என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. ஓவியர் கையில் பழகிப்போன ஓர் அச்சில் 16 வயதுப் பெண்ணைப் பொருத்தியிருக்கிறார்கள். அந்த அச்சோடு அதன் கெட்ட பெயரும் கூடவே வந்துவிட்டது. நபீன், மஹந்த் இருவர் தரப்பும் கோர்ட்டில் பேசப்பட்டது. எலோகேஷியின் வாக்குமூலம் மட்டும் எங்கேயும் இல்லை. அந்த இடத்தில்தான் இந்தப் படங்கள் வந்து உட்கார்ந்துகொண்டன. கிரைம் ரீல்ஸ் பார்க்கும் நமக்கு இது புரியாத விஷயம் இல்லை.

காளிகாட் ஓவியங்களின் பெரிய தொகுப்பு ஒன்று லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. அப்பா சேகரித்தவற்றை 1917-ல் ருட்யார்ட் கிப்ளிங் அங்கே கொடுத்தார். கொல்கத்தா போகிறவர்கள் காளிகாட் படங்களுக்கு ஜோகாவில் உள்ள குருசதய் மியூசியத்தை விசாரித்துப் பார்க்கலாம்.

படங்களோடு வியாபாரம் நிற்கவில்லை. எலோகேஷி பெயர் போட்ட புடவைகள் கடைக்கு வந்தன, வெற்றிலைப் பெட்டிகள் வந்தன. மீன் நறுக்கும் அருவாமனையிலும் அந்தப் பெயரைப் பொறித்து விற்றார்கள்.