விற்கப்பட்ட வீடும் விற்கப்படாத உரிமையும்

காரைக்கால் நகரை ஒட்டிய தலத்தெருவில், வாடகைக் குடும்பம் ஒன்று வாழ்ந்துவரும் வீடு விலைபோகிறது என்று வைத்துக்கொள்வோம். கிரயப் பத்திரம் பதிவானதும் 'காலி செய்யுங்கள்' என்ற குரல் எழுகிறது. விற்பனையோடு தங்கள் உரிமையும் முடிந்ததென்று குடியிருப்போர் அஞ்சுகின்றனர். ஆளில்லாத வீட்டை வாங்கியதைப் போலவே புதிய உரிமையாளரும் நினைக்கிறார். இரண்டுமே சட்டப்படி தவறு.

காரைக்கால் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்தது. 1804-ஆம் ஆண்டின் பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தொகுப்பு, தனது 1743-ஆம் பிரிவில், வீட்டை வாங்கியவர் வாடகைதாரரை வெளியேற்ற இயலாது என்றது. ஆனால் வாடகை ஒப்பந்தம் அதிகாரபூர்வப் பத்திரமாகவோ, நிச்சயமான தேதி உடையதாகவோ இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. அது காகிதம் வைத்திருந்தவருக்கான பாதுகாப்பு. நிலவுடைமையாளரின் வாய்ச்சொல்லை நம்பிக் குடிசை போட்டவரிடம் அந்தக் காகிதம் எங்கிருந்து வரும்?

இந்தியச் சொத்து மாற்றுச் சட்டம் 1882, புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கு 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக விரிவாக்கப்பட்டது. அதன் 109-ஆம் பிரிவின்படி, சொத்தை வாங்குபவர் பழைய உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார். அவருடைய உரிமைகள் வாங்கியவரைச் சேர்கின்றன. வாடகைதாரர் விரும்பினால் கடமைகளும் அவரையே சாரும். விற்பனைக்கு முன் சேர்ந்த வாடகைப் பாக்கி தானாகவே புதியவருக்குச் சேராது. விற்பனை நடந்ததை அறியாமல் பழையவரிடம் வாடகை கொடுத்தவர் அதே தொகையை மீண்டும் கொடுக்க வேண்டியதில்லை. மாத வாடகைக் குடித்தனத்தை முடிக்க, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, 15 நாள் அறிவிப்பு தேவை. புதுச்சேரியின் 1969-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் செல்லும் இடங்களில், சட்டம் சொல்லும் காரணத்தை நிறுவியே வெளியேற்ற முடியும். வீடு விற்கப்பட்டது என்பது மட்டும் ஒரு காரணமாகாது.

வாங்குபவருக்கும் கடமை உண்டு. ஒரு சொத்தில் ஒருவர் நேரடியாகக் குடியிருந்தால், அவருடைய உரிமையை வாங்குபவர் அறிந்திருந்ததாகவே சட்டம் கொள்கிறது. வில்லங்கச் சான்றை மட்டும் பார்த்து நிறைவடைபவர் ஏமாறக்கூடும். வாடகை எவ்வளவு, முன்பணம் யாரிடம் உள்ளது, போக்கியப் பணம் ஏதேனும் கைமாறியதா என்று குடியிருப்போரிடமே கேட்டு எழுதி வாங்க வேண்டும். முதல் தலைமுறையாக வீடு வாங்கும் தலித் குடும்பத்தின் சேமிப்பைக் காப்பதும் இக்கேள்விகள்தாம். பதிவு செய்யாத போக்கியம் வில்லங்கச் சான்றில் தென்படாது. பணம் கொடுத்துக் குடியேறியவரின் கை அதனால் வலுவிழக்கிறது.

கூலி கேட்டவனின் குடிசையை இடிக்கும் அதிகாரம் நிலவுடைமையாளரிடம் இருந்தவரை கூலிப் போராட்டம் முழுமை பெறாது என்பதைக் காவிரிப் படுகை நன்கறியும். கூலி உயர்வுப் போராட்டத்தின் பின்னணியில், 1968 டிசம்பர் 25 அன்று அண்டையிலுள்ள கீழவெண்மணியில் 44 தலித்துகள் எரித்துக் கொல்லப்பட்டனர். தமிழ்நாட்டில் குடியிருப்போரை வெளியேற்றத்திலிருந்து காக்கும் சட்டம் 1961-இல் வந்திருந்தது. மனையுரிமை வழங்கும் சட்டம் 1971-இல் வந்தது. அவ்வழியில் புதுச்சேரியும் 1970-இலும் 1973-இலும் குடியிருப்புச் சட்டங்களை இயற்றியது. வாடகைச் சீட்டை அன்று, உழைப்பாளி அந்த மனையில் வாழ்ந்ததையே உரிமைக்கு அடிப்படையாகக் கொண்டதே இச்சட்டங்களின் சிறப்பு. ஆகவே, நிலத்தை வாங்கியவர் இன்று 'குடிசைகளை அகற்றுங்கள்' என்று சொன்னால் முதலில் எழ வேண்டிய கேள்வி ஒன்று: இவர்கள் வெறும் வாடகைதாரர்களா, குடியிருப்புச் சட்டங்களின் பாதுகாப்புக்குரியவர்களா?

பூட்டை உடைத்தல், மின்னிணைப்பைத் துண்டித்தல், அடியாட்களை அனுப்புதல் ஆகியவை சட்டவழி வெளியேற்றம் அல்ல. சட்ட முறைப்படியன்றி, விருப்பத்துக்கு மாறாக வெளியேற்றப்பட்டவர், 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடுத்து இடத்தை மீட்கலாம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராகவும் செய்தவர் அப்பிரிவினர் அல்லாதவராகவும் இருப்பின், வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பொருந்தக்கூடும். நிலத்திலிருந்தோ வளாகத்திலிருந்தோ முறைகேடாக அப்புறப்படுத்துவதையும், வீட்டையோ ஊரையோ விட்டு வெளியேறும்படி கட்டாயப்படுத்துவதையும் அதன் 3-ஆம் பிரிவு குற்றமாக்குகிறது.

ஆனால் சட்டம் தானாகப் பேசுவதில்லை. சான்றுகளே அதைப் பேச வைக்கின்றன. குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல், மின்கட்டண ரசீது, பிள்ளைகளின் பள்ளிச் சான்று, வாடகை செலுத்திய வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை எத்தனை ஆண்டுக் குடியிருப்பு என்பதைக் காட்டும். மாணவர்களும் செயற்பாட்டாளர்களும், விற்பனைப் பேச்சு எழும் முன்பே தெருதோறும் சென்று இச்சான்றுகளைத் தொகுத்துத் தர வேண்டும். மனைவிலை ஏறும் ஊர்களில் இது பிந்திச் செய்யும் வேலை அன்று.