சட்டமும் தத்துவமும் அறமும்: இஸ்லாமிய அறிவு மரபின் மூன்று முகங்கள்

இஸ்லாமியச் சட்டக் கலைக்கு அரபியில் ஃபிக்ஹு என்று பெயர். தொழுகை, நோன்பு, ஜகாத் தொடங்கி வாணிபம், வாடகை, திருமணம், மணவிலக்கு, வாரிசுரிமை, குற்றம், தண்டனை வரை மனிதச் செயல்கள் அனைத்தும் அதன் எல்லைக்குள் வருகின்றன. ஷரீஅத்தும் ஃபிக்ஹும் ஒன்றல்ல. ஷரீஅத் இறைவன் காட்டிய நெறி. அந்த நெறியை மனித அறிவு ஆராய்ந்து வகுத்துக்கொண்ட சட்டம் ஃபிக்ஹு. முன்னது மாறாதது என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை. பின்னது அறிஞர்களின் உழைப்பில் விளைந்தது. அதனால் அதில் கருத்து வேறுபாட்டுக்கும் மறு ஆய்வுக்கும் எப்போதும் இடம் இருந்துவந்திருக்கிறது.

ஐந்து தரங்கள்

இன்றைய குற்றவியல் சட்டம் பெரும்பாலும் ஒரு செயல் குற்றமா இல்லையா என்று மட்டும் பார்க்கிறது. ஃபிக்ஹு ஒவ்வொரு செயலையும் ஐந்து தரங்களில் ஒன்றில் வைக்கிறது. கட்டாயம் செய்ய வேண்டியது பர்ளு அல்லது வாஜிபு; செய்தால் நன்மை தருவது சுன்னத்; செய்வதும் விடுவதும் சமமானது முபாஹ்; தவிர்ப்பது நல்லது மக்ரூஹ்; அறவே கூடாதது ஹராம். ஹனஃபி அறிஞர்கள் இவற்றுள் சிலவற்றை மேலும் நுணுக்கமாகப் பிரிக்கிறார்கள்.

கடன் ஒன்றை எடுத்துக்கொண்டால் இந்தப் பகுப்பு எப்படி வேலை செய்கிறது என்பது தெரியும். தேவைப்பட்டவருக்குக் கடன் கொடுப்பது நன்மை தரும் செயல். அதற்கு வட்டி வாங்குவது ஹராம். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பது கட்டாயம். வசதி இருந்தும் இழுத்தடிப்பது பாவம். வாங்கியவர் உண்மையிலேயே நொடித்துப்போயிருந்தால் அவருக்குத் தவணை கொடுப்பது கடன் கொடுத்தவரின் கடமை. அந்தக் கடனைத் தள்ளுபடி செய்துவிடுவது கட்டாயமல்ல, ஆனால் பெரும் நன்மை. இவற்றில் சிலவற்றைத்தான் நீதிபதியாகிய காழி தம் மன்றத்தில் நிறைவேற்றி வைக்க முடியும். மற்றவை மனசாட்சிக்கு விடப்பட்டவை. சட்டமும் அறமும் ஒரே நூலில், ஒரே அத்தியாயத்தில் பக்கம் பக்கமாக நிற்பது இந்த மரபின் தனித்தன்மை.

தீர்ப்புக்குச் செல்லும் வழி

தீர்ப்பை மட்டும் சொன்னால் போதாது, எந்த வழியில் அதை அடைந்தோம் என்பதையும் காட்ட வேண்டும் என்ற எண்ணம் தொடக்கத்திலேயே எழுந்தது. சட்ட மூலங்களையும் ஆய்வு முறையையும் பற்றிய இந்தத் துறைக்கு உஸூலுல் ஃபிக்ஹு என்று பெயர். காஸாவில் பிறந்து, மதீனாவில் இமாம் மாலிக்கிடம் பாடம் கேட்டு, 820இல் எகிப்தில் காலமான இமாம் ஷாஃபிஈ எழுதிய ‘அர்ரிஸாலா’ இத்துறையின் முன்னோடி நூலாகக் கருதப்படுகிறது. திருக்குர்ஆன், நபிகள் நாயகத்தின் வழிமுறையான சுன்னா, அறிஞர்களின் ஒருமித்த கருத்தாகிய இஜ்மா, ஒப்பீட்டு முறையான கியாஸ் ஆகிய நான்கும் சட்டத்தின் மூலங்கள் என்பது பின்னர் பரவலாக நிலைபெற்றது.

கியாஸ் என்பது தெரிந்த ஒன்றைக் கொண்டு தெரியாத ஒன்றுக்குத் தீர்வு காண்பது. மது ஹராம் என்பதற்குத் திருக்குர்ஆனில் நேரடியான ஆதாரம் உண்டு. பிற்காலத்தில் வந்த ஒரு போதை மாத்திரையைப் பற்றி மூல நூல்களில் எதுவும் இல்லை. அறிஞர் முதலில் மது தடுக்கப்பட்டதன் காரணத்தைத் தேடுகிறார். நிறமோ, மணமோ, திராட்சையிலிருந்து வடிக்கப்பட்டது என்பதோ காரணமாக இருக்க முடியாது. அறிவை மயக்குவதே காரணம் என்று முடிவு செய்கிறார். அதே தன்மை மாத்திரையிலும் இருப்பதால் அதே தடை அதற்கும் பொருந்துகிறது. காரணத்தைச் சரியாகப் பிரித்தெடுப்பதில்தான் ஆய்வாளரின் திறமை வெளிப்படுகிறது. சட்ட நூல்களில் மிக நுட்பமான விவாதங்கள் நடந்திருப்பதும் இந்த இடத்தில்தான்.

ஒழுங்குள்ள கருத்து வேறுபாடு

அபூஹனீஃபா, மாலிக், ஷாஃபிஈ, அஹ்மத் இப்னு ஹன்பல் ஆகிய நான்கு இமாம்களின் பெயரால் சுன்னி முஸ்லிம்களிடையே மத்ஹபுகள் எனப்படும் நான்கு சட்டப் பள்ளிகள் நிலைத்தன. ஷியாக்களுக்கு ஜாஃபரி முதலான தனிச் சட்ட மரபுகள் உண்டு. தமிழகத்தின் கடலோர ஊர்களான காயல்பட்டினம், கீழக்கரை போன்றவற்றிலும் இலங்கையிலும் ஷாஃபிஈ மத்ஹபு பரவியிருக்கிறது. உள்நாட்டு ஊர்களில் வாழும் ராவுத்தர்களும் உருது பேசும் முஸ்லிம்களும் பெரும்பாலும் ஹனஃபிகள்.

பிற்பகல் தொழுகையான அஸரின் நேரம் மத்ஹபுகளின் கருத்து வேறுபாட்டுக்கு நல்ல சான்று. நண்பகல் நிழலைக் கழித்துவிட்டு, ஒரு பொருளின் நிழல் அதன் நீளத்துக்குச் சமமாகும்போது அஸர் தொடங்குகிறது என்பது ஷாஃபிஈகளின் கருத்து. நிழல் இரண்டு மடங்காக வேண்டும் என்றார் அபூஹனீஃபா. அவருடைய முதன்மை மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மத் ஷைபானியும் இதில் தம் ஆசிரியரை ஏற்காமல் ஒரு மடங்கு போதும் என்றார்கள். ஆயினும் மூவரும் ஒரே மத்ஹபின் தூண்களாகவே மதிக்கப்படுகிறார்கள். இமாம் ஷாஃபிஈ எகிப்துக்குச் சென்றபின் தம் பழைய தீர்ப்புகள் பலவற்றை மாற்றிக்கொண்டார். அவருடைய பழைய கருத்து, புதிய கருத்து இரண்டையும் பிரித்துப் பதிவு செய்வது இன்றும் ஷாஃபிஈ நூல்களின் வழக்கம்.

இந்தச் சட்ட அறிவு தமிழிலும் எழுதப்பட்டது. கீழக்கரையைச் சேர்ந்த 19ஆம் நூற்றாண்டு அறிஞர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம், அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழில் ஷாஃபிஈ சட்டங்களை விளக்கி ‘ஃபத்ஹுத் தய்யான்’ என்னும் நூலை இயற்றினார். அரபி அறியாதவர்களும் மார்க்கச் சட்டத்தைக் கற்க அது வழிசெய்தது.

சட்டத்தின் நோக்கம்

ஒவ்வொரு சட்டத்துக்கும் பின்னால் ஒரு நோக்கம் உண்டு என்ற சிந்தனை மகாஸிதுஷ் ஷரீஆ என்ற தனித் துறையாக வளர்ந்தது. பாரசீகத்தின் தூஸ் நகரில் 1058இல் பிறந்து, பாக்தாத் நிஜாமிய்யா கல்லூரியில் ஆசிரியராக இருந்த இமாம் கஸ்ஸாலி, சட்டம் காக்க விரும்பும் நலன்களை ஐந்தாகத் தொகுத்தார்: மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, செல்வம். இந்த ஐந்தையும் காப்பது நன்மை, கெடுப்பது தீமை என்பது அவர் வகுத்த அளவுகோல்.

கிரனாடாவில் வாழ்ந்து 1388இல் காலமான ஷாதிபி, ‘அல்முவாஃபகாத்’ என்னும் நூலில் இதை விரிவான கொள்கையாக்கினார். மனித நலன்களை இன்றியமையாதவை, சிரமம் நீக்குபவை, வாழ்வைச் செம்மைப்படுத்துபவை என மூன்று படிகளில் அடுக்கும் முறையை அவர் முழுமையாக விளக்கினார். பசியால் உயிர் போகும் நிலையில் இருப்பவர் தடுக்கப்பட்ட உணவை உண்ணலாம் என்பது முதல் படியைச் சேர்ந்தது. பயணி தொழுகையைச் சுருக்கிக்கொள்ளும் சலுகை இரண்டாம் படி. தூய்மையும் நாகரிகமும் மூன்றாம் படி. பஞ்சம் வந்த ஆண்டில் கலீஃபா உமர் திருட்டுக்கான தண்டனையை நிறுத்திவைத்தார் என்ற செய்தியை அறிஞர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவது, சட்டத்தின் சொல்லோடு அதன் நோக்கத்தையும் பார்க்க வேண்டும் என்பதற்காகவே.

தத்துவத்தின் பங்கு

நீதி நல்லது என்பதை மனித அறிவு தானாகவே அறியுமா, இறைவன் அறிவித்த பிறகுதான் அறியுமா? இந்தக் கேள்வி பல நூற்றாண்டுகள் விவாதிக்கப்பட்டது. அறிவே அதைக் கண்டுகொள்ளும் என்றார்கள் முஃதஸிலாக்கள் என்னும் இறையியல் பிரிவினர். கடமையை விதிப்பது இறை அறிவிப்பு மட்டுமே என்றார்கள் மற்றொரு பிரிவினரான அஷ்அரிகள். நன்மை தீமை பலவற்றை அறிவு உணர முடியும் என ஒப்புக்கொண்டு இடைப்பட்ட நிலையை எடுத்தார்கள் சமர்கந்தின் இறையியலாளர் மாத்துரீதியைப் பின்பற்றியவர்கள்.

கஸ்ஸாலி தத்துவவாதிகளின் கொள்கைகளை இருபது தலைப்புகளில் மறுத்தார். அதற்குப் பதில் எழுதியவர் 1126இல் குர்துபாவில் பிறந்த இப்னு ருஷ்த். அவர் காழியாகவும் மருத்துவராகவும் அரிஸ்டாட்டிலின் உரையாசிரியராகவும் விளங்கியவர். தத்துவம் கற்பது மார்க்கத்தில் என்ன தரத்தைச் சேர்ந்தது என்ற கேள்வியை ஒரு சட்டக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு, தகுதி உள்ளவர்களுக்கு அது கடமை என்று வாதிட்டார். அவருடைய ‘பிதாயதுல் முஜ்தஹித்’ என்னும் சட்ட நூல், மத்ஹபுகளின் கருத்துகளோடு அவை ஏன் வேறுபடுகின்றன என்ற காரணத்தையும் விளக்குகிறது.

அறநெறியும் தனித் துறையாக வளர்ந்தது. 1030இல் காலமான இப்னு மிஸ்கவைஹ் கிரேக்க அறச் சிந்தனையை இஸ்லாமியப் பண்பாட்டோடு இணைத்து ‘தஹ்தீபுல் அக்லாக்’ எழுதினார். கஸ்ஸாலியின் ‘இஹ்யா உலூமித்தீன்’ வெளிச் செயல்களின் சட்டத்தையும் உள்ளத்தின் நோய்களான பொறாமை, பெருமை, முகத்துதி ஆகியவற்றையும் ஒன்றாக ஆராய்கிறது. உள்ளம் திருந்தாமல் சட்டத்தை மட்டும் கடைப்பிடிப்பது பயனற்றது என்பது அதன் மையக் கருத்து.

நவீன காலம்

உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை ஹனஃபிச் சட்டத்தின் கொடுக்கல் வாங்கல் பகுதியை 1851 பிரிவுகள் கொண்ட ‘மஜல்லா’ என்ற தொகுப்பாக வெளியிட்டது. பலருடைய கருத்துகளைத் தாங்கியிருந்த ஃபிக்ஹு, அரசு இயற்றும் சட்டத்தின் வடிவத்தை எடுத்த திருப்பம் அது. மேற்கத்தியப் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு விரிந்தது. சுய ஆய்வாகிய இஜ்திஹாதின் வாசல் பத்தாம் நூற்றாண்டளவில் அடைபட்டுவிட்டது என்ற ஜோசப் ஷாக்ட்டின் கருத்து நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. அந்த வாசல் கோட்பாட்டிலும் நடைமுறையிலும் மூடப்படவில்லை என்று வாஎல் ஹல்லாக் 1984இல் சட்ட அறிஞர்களின் நூல்களைக் கொண்டே வாதிட்டார்.

இன்றைய சிக்கல்கள் கூட்டு ஆய்வைக் கோருகின்றன. ஜித்தாவில் இயங்கும் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி 1986இல் அம்மானில் கூடியபோது, மருத்துவர்களின் கருத்தைக் கேட்டு, மூளைச் சாவை மரணமாக ஏற்பது பற்றியும் சோதனைக் குழாய்க் குழந்தை பற்றியும் தீர்மானங்கள் எடுத்தது. கணவன் மனைவி இருவருக்குள் மட்டும் நடந்தால் சோதனைக் குழாய் முறை கூடும் என்றும், மூன்றாம் நபரின் விந்தோ கருமுட்டையோ கருப்பையோ இடையில் வரக்கூடாது என்றும் அது தீர்ப்பளித்தது. மருத்துவம் புதியது, சந்ததியைக் காக்கும் நோக்கம் கஸ்ஸாலி எழுதிவைத்தது.

ஷரீஅத் என்ற சொல் பொது விவாதத்தில் வரும்போதெல்லாம் சில தண்டனைகளை மட்டும் நினைப்பது ஒரு பெரும் அறிவுச் செல்வத்தைப் புறக்கணிப்பதாகும். ஒரு தீர்ப்பைக் கேட்பவர் அதன் மூலம் எது, காரணம் எது, நோக்கம் எது, மாற்றுக் கருத்து எது என்று நான்கு கேள்விகளையும் கேட்டுப் பழக வேண்டும். ஃபிக்ஹு நூல்களை எழுதியவர்கள் எதிர்பார்த்த வாசிப்பு அதுதான்.