படுவான்கரைக் கூத்தும் பல்கலைக்கழக மாணவரும்

உன்னிச்சைக் குளத்து நீர் பாயும் வயல்வெளி மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ளது. வேளாண்மை வெட்டி ஓய்ந்ததும் இப்பக்கத்து ஊர்களில் வட்டக்களரி என்னும் வட்ட ஆடுகளம் கட்டி விடிய விடியக் கூத்தாடுவார்கள். அதற்கு முன்பே ஆடுவோருக்கு அவரவர் பாடல்களைக் கொடுக்கும் சட்டம் கொடுத்தல், சதங்கை அணிதல், ஒத்திகையான அடுக்குப் பார்த்தல் எனப் பல மாதப் பழக்கம் நடந்திருக்கும். கூத்தின் ஒரு வகையான வடமோடியில் அரசனின் கரப்புடுப்பு இடுப்பிலிருந்து அடுக்கடுக்காக விரியும். அந்தப் பாரத்தோடுதான் அவன் சுழன்றாட வேண்டும்.

1960களில் பேராதனைப் பல்கலைக்கழக விரிவுரையாளர் சு. வித்தியானந்தன் மாணவர்களையும் இக்கூத்தை ஆட வைத்தார். 'கர்ணன் போர்' கூத்தைப் பழக்கியவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். ஏட்டுப் படிப்பு அதிகம் இல்லாத, கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரும் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக நிற்கலாம் என்று அன்று தெரிந்தது. அதுவே அம்முயற்சியின் பெரிய பேறு. அங்கு மாணவராக இருந்த சி. மௌனகுரு 'இராவணேசன்' எழுதி, இராவணனாகவும் ஆடினார். பின்னர் வந்தாறுமூலையிலேயே அமைந்த கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, அந்த நாடகத்தை இளைய மாணவர்களோடு மீண்டும் மேடையேற்றினார்.

இரவு முழுவதும் ஆடும் கூத்து மேடைக்காகச் சில மணி நேரமாகச் சுருங்கியது; நாற்புறமும் சுற்றியிருந்து பார்த்த சனம் ஒருபுறமானது. இது சிறிய இழப்பல்ல. கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தோடு இணைந்திருந்த சி. ஜெயசங்கர் வேறு வழி எடுத்தார். 2000களில் சீலாமுனையில் ஊரவரும் அண்ணாவிமாரும் களரியிலேயே கூடிப் பேசி, சாதியும் பெண்ணும் சித்திரிக்கப்பட்ட விதத்தைத் தாங்களே மாற்றி எழுதி ஆடினர்.