கேடயச் சுரப்பி மருந்தும் நடுவயதில் உண்ணும் ஓமோன் மருந்தும்



மாதவிடாய் நின்றுபோகும் பருவத்தைப் பற்றி வானொலியிற் பேசுதல் தகுமோ என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். தாயும் மகளுமே தம்முள் பேசத் தயங்கும் பொருளைப் பொதுவிடத்திற் பேசுவானேன் என்று கேட்போரும் உளர். பேசாதிருப்பதனாலேயே விளையும் இடர் ஒன்று உண்டு. அதனையே இன்று எடுத்துக்கொள்கிறேன். நான் வைத்தியத்துறை கற்றவள் அல்லள். ஆகவே இன்ன மருந்தை உண்ணுங்கள் என்றோ உண்ணாதீர்கள் என்றோ சொல்லப்போவதில்லை. இரண்டு மருந்துகள் ஒரே உடம்பிற் சந்திக்கும்போது யாது நிகழ்கின்றது என்பதையே விளக்க முயல்கிறேன்.

கழுத்தின் முன்புறத்தே, குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல அமைந்திருக்கும் உறுப்பைத் தைரொயிட்டுச் சுரப்பி என்பர். தமிழிலே கேடயச் சுரப்பி. அது சுரக்கும் தைரொட்சின் என்னும் ஓமோன், உடம்பாகிய அடுப்பிலே தீ எவ்வளவு எரியவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது. சுரப்புக் குறைந்தால் சோர்வும் குளிரும் மறதியும் வந்து சேரும், உடல் பருக்கும், தலைமயிர் உதிரும். 1891ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து வைத்தியர் ஜோர்ஜ் மரே, இந்நோய் முற்றிய 46 வயதுப் பெண்மணி ஒருவருக்குச் செம்மறியாட்டின் கேடயச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசிமூலம் ஏற்றினார். அப்பெண்மணி தேறி, மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து, 74 வயதிலே இறந்தார். இன்று ஆட்டின் சுரப்பியை நாடவேண்டியதில்லை. ஆய்வுகூடத்திற் செய்த தைரொட்சினைச் சிறு குளிசையாக நாள்தோறும் காலையில் விழுங்கினால் போதும். அதன் அளவை மைக்கிரோகிராமிலே, அதாவது ஒரு கிராமின் 10 இலட்சத்தில் ஒரு பங்கைக் கொண்டு, கணக்கிடுவர். இத்துணை நுண்ணிய அளவு என்பதை மனத்திற் கொள்ளுங்கள்.

இனி மற்றைய மருந்துக்கு வருவோம். பெரும்பாலான பெண்களுக்கு 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் மாதவிடாய் நிற்கின்றது. சூலகம் ஈஸ்திரஜன் என்னும் ஓமோனைச் சுரப்பது அப்போது மிகக் குறைந்துவிடும். திடீரென முகமும் மார்பும் அனலாய்க் கொதித்தல், இரவில் உடை நனையும்படி வியர்த்தல், உறக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு முதலியன அதனால் வருவன. துன்பம் மிக்கவர்களுக்கு ஈஸ்திரஜனையே மருந்தாகக் கொடுப்பதுண்டு. கருப்பை உள்ளவராயின் அதனைக் காப்பதற்குப் புரொஜெஸ்திரோன் வகை மருந்தொன்றையும் சேர்த்துக் கொடுப்பர். இம்மருந்து எல்லார்க்கும் ஏற்றதன்று. 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 16,000க்கு மேற்பட்ட பெண்களைக் கொண்டு நடந்த பேராய்வின் இக்கூட்டுமருந்துப் பகுதி, மார்புப் புற்றுநோயும் இரத்தக்கட்டும் சற்றே மிகுந்து காணப்பட்டமையால் இடையில் நிறுத்தப்பட்டது. வயதையும் முன்னைய நோய்களையும் ஆராய்ந்தே இன்று இதனை வழங்குகின்றனர். அது தனியே பேசவேண்டிய பொருள், இங்கு விரிக்கவில்லை.

ஏற்கெனவே தைரொட்சின் உண்டுவரும் பெண் இந்த ஈஸ்திரஜன் குளிசையையும் உண்ணத் தொடங்கினால் யாது நிகழும்? இரண்டும் ஒன்றோடொன்று பகைப்பன அல்ல. இரண்டையும் ஒருங்கே உண்ணலாம். ஆயினும் முன்பு போதுமாயிருந்த தைரொட்சின் அளவு இப்போது போதாமற் போகக்கூடும். காரணம் ஈரலில் இருக்கின்றது.

தைரொட்சின் இரத்தத்திலே தனித்துத் திரிவதில்லை. ஈரல் ஆக்கும் சில புரதங்கள் அதனை ஏற்றிச் செல்கின்றன. அவற்றுள் முதன்மையானதை வண்டி எனக் கொள்வோம். வண்டியில் இருக்கும் நெல் யாருடைய பசியையும் ஆற்றாது. இறக்கிய நெல்லே உலைக்குச் செல்லும். அவ்வாறே, புரதத்திலிருந்து விடுபட்ட தைரொட்சினே உடம்புக்குப் பயன்படுவது. அந்த விடுபட்ட பங்கோ 10,000இல் இரண்டு மூன்று என்னும் அளவினது. வாய்வழி உண்ட ஈஸ்திரஜன் குடலிலிருந்து நேரே ஈரலுக்குச் செல்கின்றது. சென்றதும் இரத்தத்தில் வண்டிகள் பெருகுகின்றன. வண்டிகள் பெருகவே, இறங்கிக் கிடந்த நெல்லில் ஒரு பகுதி மீண்டும் வண்டியேறிவிடுகின்றது. நலமுள்ள கேடயச் சுரப்பியாயின், குறைவை உணர்ந்து கூடுதலாகச் சுரந்து ஈடுசெய்துவிடும். குளிசையை நம்பி வாழ்பவருக்கோ பங்கீட்டு அட்டையிற் குறித்த அளவே நாளும் கிடைக்கும், கூட்டித்தருவார் இல்லை. கருவுற்ற காலத்திலே தைரொட்சின் அளவை உயர்த்தவேண்டி நேர்வதற்கும் இது ஒரு காரணம்.

இதனை ஐயத்துக்கிடமின்றிக் காட்டியவர் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்து வைத்தியர் அராபா. 2001ஆம் ஆண்டில் வெளியான அவரது ஆய்வில், மாதவிடாய் நின்ற 36 பெண்களுக்கு ஈஸ்திரஜன் குளிசை கொடுக்கப்பட்டது. அவர்களுள் 11 பேர் கேடயச் சுரப்பி நலமுள்ளோர்; 25 பேர் தைரொட்சின் உண்போர். 12 வாரங்களின் பின் நோக்கியபோது, முதற் கூட்டத்தாரிடம் விடுபட்ட தைரொட்சின் மாறாதிருந்தது. இரண்டாங் கூட்டத்தாரிடம் அது குறைந்திருந்தது. அவ்விருபத்தைவருள் 18 பேர் சுரப்புக் குறைவுக்காக மாத்திரம் மருந்துண்டவர்கள். அப்பதினெண்மரில் எழுவருக்கு ரி.எஸ்.எச். என்னும் அளவு 7ஐயும் கடந்திருந்தது. மூளையின் அடியிலுள்ள கபச் சுரப்பி, தைரொட்சின் போதவில்லை என்று எழுப்பும் கூக்குரலே ரி.எஸ்.எச். என்பது; குரல் உயர உயரக் குறை பெரிதென்று பொருள். எழுவர்க்கு இவ்வாறாயிற்று எனின், ஏனையோர்க்கு அத்துணை ஆகவில்லை என்பதும் அதனுள் அடங்கும். எனவே எல்லார்க்கும் அளவைக் கூட்டுவது பொருந்தாது, சோதித்தறிந்தே கூட்டவேண்டும்.

இங்கேதான் நான் முதலிற் கூறிய இடர் தோன்றுகின்றது. 52 வயதுப் பெண்மணி ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். அனலும் வியர்வையும் தாங்காமல் ஈஸ்திரஜன் குளிசை தொடங்குகிறார். அனல் தணிகின்றது. இரண்டு மூன்று மாதங்களில் வேறொரு சோர்வு வந்து கவிகின்றது, உடல் கனக்கின்றது, மனம் எதிலும் பற்றுவதில்லை. வீட்டார், “வயது போனால் அப்படித்தான்” என்கின்றனர். கழுத்திலே கழலை இல்லாதபடியால் கேடயச் சுரப்பியை ஒருவரும் நினைப்பதில்லை. புதுமருந்தே குற்றவாளி எனத் துணிந்து அதனை அவர் நிறுத்திவிடலாம். அன்றேல், எல்லாம் விதி என்று வாளாவிருந்துவிடலாம். இரண்டிலும் துன்பம் அவருடையதே. கேடயச் சுரப்பிக்கு ஒரு வைத்தியரிடமும் மாதவிடாய்த் தொல்லைக்கு வேறொரு வைத்தியரிடமும் செல்பவர்க்கு இந்நிலை இன்னும் எளிதில் நேரும். ஒருவர் எழுதிய துண்டை மற்றவர் கண்டிருக்கமாட்டார். நாணத்தினால் நாமே மறைத்துவிடுதலும் உண்டு.

இதற்கு வேண்டுவது ஓர் இரத்தப் பரிசோதனை. ஈஸ்திரஜன் குளிசை தொடங்கி 6 முதல் 12 வாரங்களுள் ரி.எஸ்.எச். அளவைப் பார்த்தல் நன்று. தைரொட்சின் உடம்பில் மெல்லக் கூடி மெல்லக் குறைவது. அதில் பாதி நீங்குவதற்கே ஏறத்தாழ ஒரு வாரம் செல்லும். எனவே முதல் வாரத்திலேயே சோதித்துப் பயனில்லை. அளவை மாற்றினாலும் 6 முதல் 8 வாரங்களின் பின்பே மீண்டும் பார்ப்பர். தாமாக அரைக் குளிசை கூட்டிக்கொள்வது ஆகாது.

தோலில் ஒட்டும் பட்டையாகவும் பூசும் களியாகவும் கிடைக்கும் ஈஸ்திரஜன் வேறு வழியாற் செல்வது. தோலினூடாக இரத்தத்திற் கலப்பதால், முதற்கண் ஈரலை முட்டாது. வண்டிகள் குறிப்பிடத்தக்க அளவு பெருகுவதுமில்லை. தைரொட்சின் தேவையும் பெரும்பாலும் மாறுவதில்லை. இரத்தக்கட்டு அச்சமும் இவ்வழியிற் குறைவு. ஆயினும் எல்லா மருந்துக் கடைகளிலும் இது கிடைப்பதில்லை, விலையும் இடையூறாகலாம்.

இவ்வயதிலே எலும்புக்கெனக் கல்சியக் குளிசையும் பலர் உண்பர். கல்சியமும் இரும்புச்சத்துக் குளிசையும் தைரொட்சினைக் குடலிலேயே பற்றிக்கொள்வன. நான்கு மணி நேர இடைவெளி விடவேண்டும். தைரொட்சினை வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்தே காலையுணவு கொள்ளவேண்டும். விடிந்ததும் தேநீர் என்பார்க்கு இது கடினமே. எனினும் தேநீரும் காத்திருக்கத்தான் வேண்டும்.

மறதிக்குள்ளாகும் மற்றொன்று, ஈஸ்திரஜனை நிறுத்தும் நாள். குளிசையை விட்டதும் வண்டிகள் பழையபடி குறையும். உயர்த்திய தைரொட்சின் அளவோ அப்படியே இருக்கும். இப்போது அது மிகையாகி, நெஞ்சைப் படபடக்கச் செய்யும். இதயத்துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும். நாட்படின் எலும்பையும் தேய்க்கும். படபடப்பு வந்ததும், ஈஸ்திரஜனை விட்டதனால் பழைய தொல்லை திரும்பியது என்றே எவரும் எண்ணுவர். ஆதலின் தொடங்கியபோது செய்த அதே பரிசோதனையை, நிறுத்தி 6 முதல் 8 வாரங்களிலும் செய்வித்து, தைரொட்சின் அளவைக் குறைக்கவேண்டுமா என்று வைத்தியரிடம் கேட்டறிய வேண்டும்.