மதுரை – சென்னை: ஆகாயத்தில் எவ்வளவு தூரம்?

மதுரையிலிருந்து சென்னைக்கு ரயில் பாதையின் நீளம் ஏறத்தாழ 490 கிலோமீட்டர். ரயில் திண்டுக்கல், திருச்சி என்று ஊர்களைத் தொட்டுக்கொண்டு வளைந்து போகிறது. நேராகப் பறக்கும் விமானத்துக்கு எவ்வளவு தூரம்? நீங்களே கணக்கிடலாம். பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றமே போதும்.

மதுரை விமான நிலையம் வட அட்சரேகை 9.83 பாகையிலும் கிழக்குத் தீர்க்கரேகை 78.09 பாகையிலும் உள்ளது. சென்னைக்கு இவை 12.99, 80.18. ஆகவே அட்சரேகை வித்தியாசம் 3.16 பாகை, பாகைக்கு 110.6 கி.மீ. வீதம் வடக்கே 350 கி.மீ. தீர்க்கரேகை வித்தியாசம் 2.09 பாகை. தீர்க்கரேகைகள் துருவங்களை நோக்கி நெருங்கிக்கொண்டே போகும் அல்லவா? நம் பகுதியில் ஒரு பாகைக்குச் சுமார் 109 கி.மீ. அதாவது கிழக்கே 228 கி.மீ. இவ்விரண்டையும் செங்கோண முக்கோணத்தின் பக்கங்களாகக் கொண்டால் கர்ணம் 418 கி.மீ. வரும். பூமி உருண்டைதான், ஆனால் இவ்வளவு குறுகிய தூரத்தில் அதைத் தட்டை என்று கொள்வதால் பெரிய பிழை வராது. சென்னையிலிருந்து லண்டனுக்கு இந்தக் கணக்கு உதவாது!

ஏ.டி.ஆர். 72 என்ற சுழல்விசிறி விமானம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. வேகத்தில் பறக்கும். அப்படியானால் 50 நிமிடத்தில் சென்னை வந்துவிட வேண்டும். பயணச்சீட்டிலோ ஒரு மணி நேரத்துக்கும் மேலாகவே போட்டிருக்கும். மீதி நேரம் எங்கே போயிற்று?

சீட்டில் உள்ளது பறக்கும் நேரம் மட்டுமன்று. மதுரையில் சக்கரத்துக்கு அடியிலிருந்து கட்டையை எடுப்பது முதல் சென்னையில் மீண்டும் கட்டை வைப்பது வரை உள்ள முழு நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, முறைக்குக் காத்திருப்பது, மெதுவாக மேலேறுவது, இறங்குவது எல்லாம் இதில் அடக்கம்.

காற்றும் ஒரு பங்கு கேட்கும். விமானம் காற்றை எதிர்த்தே தரையிறங்க விரும்பும். சென்னையின் முக்கிய ஓடுபாதையின் எண்கள் 07, 25. பத்தால் பெருக்கினால் திசைகாட்டியின் பாகை கிடைக்கும். பிற்பகலில் கடற்காற்று வீசினால், தென்மேற்கிலிருந்து வரும் மதுரை விமானம் கிழக்கு நோக்கி எளிதாக இறங்கிவிடும். ஆடி மாத மேல்காற்றானால் நகரைத் தாண்டிக் கடலுக்குமேல் போய், திரும்பி, மேற்கு நோக்கி இறங்க வேண்டும். அதிலேயே சில நிமிடங்கள் போய்விடும்.

இன்னொரு வேடிக்கை. போகும்போது 50 கி.மீ. எதிர்காற்று, திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து. நட்டமும் லாபமும் சரியாகிவிடும் என்றுதானே நினைப்பீர்கள்? போக 55.7 நிமிடம், வர 45.6 நிமிடம், மொத்தம் 101.3. காற்றே இல்லாவிட்டால் 100.3 தான். எதிர்காற்றில் விமானம் அதிக நேரம் இருக்கிறது, அதனால்தான் நட்டம்.

ஜெட் விமானம் மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் பறக்குமே என்பீர்கள். ஆனால் 10,000 அடிக்குக் கீழே அதுவும் 250 நாட், அதாவது மணிக்கு 463 கி.மீ. என்ற வரம்புக்குள் அடங்க வேண்டும். மேலே ஏறி வேகம் பிடித்த சிறிது நேரத்தில் இறங்கத் தொடங்கிவிடும். குறுகிய தடங்களில் சுழல்விசிறி விமானங்கள் இன்றும் நிலைத்திருக்க இது ஒரு காரணம்.

கோவை விமான நிலையம் 11.03, 77.04 பாகைகளில் உள்ளது. சென்னைக்கு அருகில் இருப்பது மதுரையா, கோவையா? பென்சிலை எடுங்கள்.