முகம் தெரியலையா? பதறாதீங்க!

சகோதரிகளே, என் கணவருக்கு சிங்கப்பூரில் வேலை. என் மாமியாருக்கு காது மந்தம்; மகனின் உதட்டசைவைப் பார்த்தால்தான் பேச்சு புரியும். அதனால் கம்ப்யூட்டரில் வீடியோ கால்தான். சமீபத்தில் படம் நின்று நின்று வந்தது. 'புது கேமரா வாங்குங்க' என்றார் கடைக்காரர். காசு செலவழிக்காமல் நானே பார்த்து சரிசெய்தேன். உங்களுக்கும் உதவுமே என்று எழுதுகிறேன்.

படமே வரலையா? கேமராவை வேறு புரோகிராம் பிடித்து வைத்திருக்கலாம், அதை மூடுங்க. பிரவுசரில் கேமரா, மைக் இரண்டுக்கும் அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பாருங்க.

அவர்கள் நமக்குத் தெளிவாகத் தெரிந்து, நாம் மட்டும் அவர்களுக்குத் திக்கித் திணறித் தெரிந்தால், குறை பெரும்பாலும் நம் வீட்டு இணைப்பில்தான். ரூட்டரை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போடுங்க. செல்போனில் போட்டோ பேக்கப் ஓடினால் நிறுத்துங்க. எங்கள் வீட்டில் ரூட்டர் இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தது. வெளியே எடுத்து, கம்ப்யூட்டருக்கு வயரில் இணைத்ததும் படம் பளிச்!

ஒன்று மட்டும் வேண்டாம். இணையத்தில் தேடிக் கிடைக்கிற 'கஸ்டமர் கேர்' நம்பரை நம்பி, அவர்கள் சொல்கிற புரோகிராமை ஏற்றாதீங்க. கம்ப்யூட்டரே அவர்கள் கைக்குப் போய்விடும். பேங்க் பணமும் பறிபோகும்.

- ஒரு வாசகி, கும்பகோணம்.